இன்ஜின் ஆயிலில் நானோ திட மசகு: எங்கே வேலை செய்யும், எங்கே வீண்?

#1 சுழல்தண்டு

நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள் இருக்கிறது, தட்டை டேப்பெட் (கேம் தள்ளும் பாகம்). சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) 4 லிட்டர், ஆயில் 10டபிள்யூ-40, எக்ஸாஸ்டில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் உண்டு. கேம் லோப் (கேமின் தள்ளும் மேடு), டேப்பெட் தேய்மானத்தைக் குறைக்க நானோ திட மசகு சேர்க்கலாமா என்பதுதான் கேள்வி. டங்ஸ்டன் டைசல்ஃபைடு, மாலிப்டினம் டைசல்ஃபைடு, போரான் நைட்ரைடு மூன்றும் 100 நானோமீட்டர் தூளாகக் கிடைக்கின்றன. எது, எத்தனை சதவீதம், எப்படிக் கலப்பது? ஃபில்டர் அடைக்குமா? அடியில் படியுமா? விளம்பரம் எழுதுபவர்கள் தவிர யார் சொன்னாலும் கேட்கிறேன்.

#2 உராய்வியல்

தூளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், இன்ஜினில் உராய்வு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஹோல்ம்பெர்க், ஆண்டர்சன், எர்டெமிர் மூவரும் 2012-ல் கார்களுக்குப் போட்ட கணக்குப்படி இன்ஜினுக்குள் இருக்கும் உராய்வில் பிஸ்டன், ரிங், லைனர் பகுதிக்கு 45 சதவீதம். பேரிங்கும் சீலும் 30, வால்வு இயக்கம் 15, ஆயில் பம்ப் முதலான பாகுநிலை இழப்பு 10.

இதில் திட மசகுக்கு வேலை இருப்பது உலோகமும் உலோகமும் உண்மையில் தொடும் இடத்தில் மட்டும். ஆயில் படலத்தின் தடிமனை இரண்டு பரப்புகளின் கூட்டுச் சொரசொரப்பால் வகுத்தால் வருவது லாம்டா. அது 3-க்கு மேல் இருந்தால் பரப்புகள் தொடுவதே இல்லை. அங்கே உராய்வைத் தீர்மானிப்பது ஆயிலின் பாகுநிலைதான், தூள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றே. மெயின் பேரிங், கனெக்டிங் ராட் பேரிங் ஓடும்போது இந்த நிலையில்தான் இருக்கின்றன. ஸ்டார்ட் செய்யும் நொடிகளில் மட்டும் தொடும். லாம்டா 1-க்குக் கீழே போனால் எல்லை மசகு, அங்கேதான் திட மசகுக்கு இடம்.

பிஸ்டன் ரிங் பாதி வழியில் வேகமாகப் போகும்போது ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. மேல் முனையில் நின்று திரும்பும் அந்தச் சில டிகிரிகளில்தான் படலம் உடைகிறது. அதனால் 45 சதவீதம் முழுவதையும் குறைக்கிறோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்கள் தட்டை டேப்பெட் விஷயம் வேறு. லோப் மூக்கின் இரு பக்கமும் ஆயிலை உள்ளே இழுக்கும் வேகம் பூஜ்யத்தைக் கடக்கும் இடம் ஒவ்வொன்று உண்டு. அழுத்தமோ 0.5 முதல் 1 ஜிகாபாஸ்கல் வரை. இன்ஜினுக்குள் திட மசகு தேவைப்படும் இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். கேள்வி சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது.

#3 அடுக்குப்படிகம்

பொருள்களைப் பற்றிச் சொல்கிறேன்.

மாலிப்டினம் டைசல்ஃபைடும் டங்ஸ்டன் டைசல்ஃபைடும் ஒரே குடும்பம். உலோக அணு நடுவில், கந்தக அணுக்கள் மேலும் கீழும். இப்படி ஒவ்வொரு அடுக்கும் சுமார் 0.62 நானோமீட்டர். அடுக்குக்குள் பிணைப்பு வலுவானது, அடுக்குகளுக்கு இடையே வலுவற்ற வான் டெர் வால்ஸ் விசை மட்டும். அதனால் பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கும், மேலிருந்து அழுத்தினால் தாங்கும். வெற்றிடத்தில் மாலிப்டினம் டைசல்ஃபைடின் உராய்வுக் கெழு 0.01 முதல் 0.05 வரை. ஈரக் காற்றில் 0.15 தாண்டும்.

கிராஃபைட் இதற்கு நேர் எதிர். அதற்கு ஈரம் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர் கார்பன் பிரஷ்கள் வறண்ட காற்றில் தூளாகி உதிர்ந்ததிலிருந்துதான் இந்த உண்மை உறைத்தது.

ஹெக்சகனல் போரான் நைட்ரைடு வெள்ளை நிறம், காற்றில் 900 டிகிரி வரை தாங்கும். ஆனால் இன்ஜின் ஆயில் வெப்பத்தில் அந்தத் தாங்கும் திறனுக்கு வேலையே இல்லை. எஃகின் மேல் ஒட்டிப் படலமாவதில் சல்ஃபைடுகளைவிடப் பின்தங்கியது. கந்தகம் இல்லை என்பது அதன் உண்மையான நன்மை.

1992-ல் வைஸ்மான் ஆய்வு நிறுவனத்தில் ரெஷெஃப் டென்னெ குழு வெங்காயம்போல் அடுக்கடுக்காக மூடிய டங்ஸ்டன் டைசல்ஃபைடு நானோ கோளங்களைக் கண்டது. தட்டைச் செதிலுக்கு ஓரங்களில் தொங்கும் பிணைப்புகள் உண்டு, அந்த ஓரங்கள்தான் ஆக்ஸிஜனோடு சேரும். மூடிய கோளத்தில் ஓரம் இல்லை. லேசான அழுத்தத்தில் உருளும், அழுத்தம் கூடினால் வெளித்தோல் உரிந்து எஃகின் மேல் ஒட்டும். கேம் தொடர்பில் நடப்பது பெரும்பாலும் இந்த உரிதல்தான்.

தூள் வாங்கும்போது எக்ஸ்ரே விளிம்பு வளைவுப் படம் கேளுங்கள். இந்தக் கோளங்கள் டங்ஸ்டன் ஆக்சைடை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவில் 800 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் செய்யப்படுபவை. வினை வெளியிலிருந்து உள்ளே போகும். பாதியில் நின்றால் நடுவில் ஆக்சைடு மையம் மிச்சமிருக்கும். தோல் உரிந்த பிறகு கேமில் தேய்ப்பது அந்தக் கடினமான மையம். ஆக்சைடு முகடு தெரிந்தால் அந்தத் தூள் வேண்டாம்.

#4 சுழல்தண்டு

தெளிவாக இருக்கிறது. தூளின் தாளில் பெட் முறைப்படி (வாயுவை ஒட்டவைத்துப் பரப்பை அளப்பது) பரப்பு ஒரு கிராமுக்கு 8.9 சதுர மீட்டர், துகள் 90 நானோமீட்டர் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா? அடுத்து, படியுமா, ஃபில்டரில் நிற்குமா என்பதற்கும் பதில் வேண்டும்.

#5 கலவைக்கூடம்

அந்தத் தாளில் இருக்கும் இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. 6-ஐ அடர்த்தியாலும் பரப்பாலும் வகுத்தால் விட்டம். அடர்த்தி 7.5, பரப்பு 8.9 என்றால் 90 நானோமீட்டர் வரும். ஆனால் இது தனித்துகளின் அளவு மட்டுமே. பையில் இருப்பது அந்தத் துகள்கள் ஒட்டிக் கிடக்கும் திரள். நைட்ரஜன் வாயு திரளுக்குள்ளும் நுழைந்து பரப்பை அளந்துவிடுவதால் பெட் எண்ணில் திரள் தெரியாது. பைக்குள் 5, 10 மைக்ரான் திரள்கள் இருந்தாலும் தாளில் 90 என்றுதான் வரும்.

படிவதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம், ஸ்டோக்ஸ் சூத்திரம் போதும். ஆயில் 35 டிகிரியில், பாகுநிலை சுமார் 0.1 பாஸ்கல்-செகண்ட், துகளுக்கும் ஆயிலுக்கும் அடர்த்தி வேறுபாடு 6650. 100 நானோமீட்டர் தனித்துகள் ஒரு நாளைக்கு 0.03 மில்லிமீட்டர்தான் இறங்கும். வண்டி ஒரு மாதம் நின்றால்கூட 1 மில்லிமீட்டர். அதே பொருள் 1 மைக்ரான் திரளானால் நாளைக்கு 3 மில்லிமீட்டர். 5 மைக்ரான் என்றால் நாளைக்கு கிட்டத்தட்ட 8 சென்டிமீட்டர், அதாவது இரண்டு நாளில் சம்ப் அடியில். திரளுக்குள்ளும் ஆயில் இருப்பதால் நிஜ வேகம் இதைவிடக் கொஞ்சம் குறையும், ஆனால் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வேகம் கூடுவது மாறாது. போரான் நைட்ரைடு என்றால் இதில் ஐந்தில் ஒரு பங்கு.

ஃபில்டருக்கும் இதே பதில். முழு ஓட்ட ஃபில்டர் பேப்பர் 20 முதல் 40 மைக்ரான் வரை பிடிப்பது. தனித்துகளை அது பார்க்கக்கூட முடியாது. திரளைப் பிடிக்கும். மையவிலக்கு பைபாஸ் ஃபில்டர் உள்ள பெரிய டீசல் இன்ஜின்களில் மட்டும் கதை வேறு: அடர்த்தி 7.5 உள்ள பொருளை அது தேடிப் பிடித்துச் சுவரில் அப்பிவிடும். அங்கே டங்ஸ்டன் டைசல்ஃபைடு போடுவதில் பொருளே இல்லை.

இனி கலக்கும் முறை. 4 லிட்டர் ஆயில் என்றால் சுமார் 3.4 கிலோ. 0.1 சதவீதம் என்று வைத்தால் தூள் 3.4 கிராம். அதை நேராக சம்பில் கொட்டக் கூடாது. முதலில் 5 சதவீதச் செறிவு தயாரிக்க வேண்டும்.

தூளை 110 டிகிரியில் 2 மணி நேரம் உலர்த்துங்கள். ஒட்டியிருக்கும் ஈரம்தான் திரளுக்கு முதல் பசை. 100 டிகிரியில் 4 சென்டிஸ்டோக் உள்ள குரூப் 3 பேஸ் ஆயில் (சேர்மானம் எதுவும் இல்லாத அடிப்படை ஆயில்) 184 கிராம், பாலிஐசோபியூட்டிலீன் சக்ஸினிமைடு (துகள்கள் ஒட்டாமல் பிரித்து வைக்கும் சிதறலி) 6 கிராம், இரண்டையும் 60 டிகிரியில் கலக்கிவிட்டுத் தூள் 10 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அரை மணி நேரம் காந்தக் கலக்கி. பிறகு 20 கிலோஹெர்ட்ஸ் முனை அல்ட்ராசோனிக், 5 விநாடி ஓட்டம், 5 விநாடி ஓய்வு, ஓட்ட நேரம் மட்டும் கூட்டி 30 நிமிடம். பீக்கரைப் பனிக்கட்டி நீரில் வைத்து 60 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண சுத்தம் செய்யும் தொட்டி அல்ட்ராசோனிக்கில் இந்தத் திரள் உடையாது, அதற்கு அந்த ஆற்றல் போதாது.

பலர் தவறுவது இங்கேதான். அல்ட்ராசோனிக்கை ரெடிமேட் இன்ஜின் ஆயிலில் நேராக ஓட்டுகிறார்கள். 10டபிள்யூ-40-க்குள் பாகுநிலைக் குறியீட்டை உயர்த்தும் நீள பாலிமர் இருக்கிறது. அல்ட்ராசோனிக் அந்தச் சங்கிலியை அறுத்துவிடும். ஏஎஸ்டிஎம் (தரநிலை அமைப்பு) டி2603 என்ற சோதனையே இப்படிப் பாலிமரை அறுத்து, பாகுநிலை எவ்வளவு விழுகிறது என்று பார்க்கத்தான் இருக்கிறது. அரை மணி நேரம் ஓட்டினால் 40 என்று வாங்கிய ஆயில் 30 ஆகிக் கையில் வரலாம். பாலிமர் இல்லாத பேஸ் ஆயிலில் மட்டும் ஓட்டுங்கள்.

ஒரு சொட்டை நிறையப் பேஸ் ஆயிலில் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து 400 மடங்கு நுண்ணோக்கியில் பாருங்கள். தனித்தனிக் கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை 1 மைக்ரானை ஒட்டிய அல்லது அதைவிடப் பெரிய திரள்கள். புள்ளிகள் இல்லாத மங்கல் சாம்பல் மட்டும் தெரிய வேண்டும். செறிவு கிடைத்ததும் அதில் 68 கிராம் எடுத்து, 60 டிகிரிக்குச் சூடாக்கிய ஆயிலில் வெறும் கலக்கியால் கலந்தால் போதும்.

தூளை எடைபோடும்போது எஃப்எஃப்பி3 முகக்கவசம், நைட்ரைல் கையுறை, புகைக்கூண்டு. மின்விசிறிக்குக் கீழே இந்த வேலை வேண்டாம். ஆயிலில் நனைந்துவிட்டால் பிறகு தூசியாகப் பறக்கும் பயமில்லை.

#6 கேம்லோப்

ஓலிக் அமிலம் போட்டால் இன்னும் நன்றாகச் சிதறும் என்று படித்திருக்கிறேன். சக்ஸினிமைடுக்குப் பதில் அதைப் போடலாமா?

#7 கலவைக்கூடம்

வேண்டாம். ஓலிக் அமிலம் பிடித்துக்கொள்வது டைட்டானியம் ஆக்சைடு, காப்பர் ஆக்சைடு மாதிரி ஆக்சைடு பரப்புகளில். சல்ஃபைடு அடுக்கின் தட்டைப் பரப்பில் அதற்குப் பிடி கிடையாது. கூடவே அது அமிலம், ஆயிலின் கார இருப்பை (அமிலத்தை முறிக்கும் கையிருப்பு) தின்னும்.

#8 உராய்வியல்

கலவைக்கூடம் சொன்னது முழுவதும் சரி. ஆனால் அந்தச் சிறந்த சிதறலே இன்ஜினுக்குள் வேறு ஒரு சிக்கலை உண்டாக்குகிறது.

2014-ல் லியோனில் ரபாசோ, டாசெனுவா குழு கோள வடிவ மாலிப்டினம் டைசல்ஃபைடை சக்ஸினிமைடு சிதறலியோடு சேர்த்துப் பார்த்தது. சிதறல் அருமையாக வந்தது, துகள் படியவில்லை. ஆனால் உராய்வும் தேய்மானமும் குறைவது நின்றுபோனது. சிதறலி துகளைச் சுற்றி உறை போடுகிறது, எஃகுப் பரப்பிலும் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு உறைக்கும் நடுவில் துகள் எஃகில் ஒட்டுவதற்கு இடமே இல்லை. படலம் உருவாகவில்லை.

இன்ஜின் ஆயிலில் சிதறலி ஏற்கெனவே சில சதவீதம் இருக்கிறது, புகைக்கரியைத் தாங்கிப் பிடிக்க. நீங்கள் சேர்க்கும் 0.1 சதவீதத் துகளைவிடப் பல மடங்கு. பரப்புக்குப் போட்டி போடுபவை இன்னும் உண்டு: ஜிங்க் டைதயோபாஸ்ஃபேட் (தேய்மானத் தடுப்பி), கால்சியம் டிடர்ஜென்ட் (அழுக்கு நீக்கி), கிளிசரால் மோனோஓலியேட் (உராய்வு குறைப்பி). வெறும் பேஸ் ஆயிலில் துகள் போட்டு உராய்வு பாதியானது என்று காட்டும் முடிவுகளை இதனால்தான் இன்ஜினுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. சிதறலி இல்லாவிட்டால் படியும், இருந்தால் ஒட்டாது. நானோ துகள் இன்ஜின் ஆயிலில் மாட்டிக்கொள்ளும் முடிச்சு இதுதான்.

#9 அடுக்குப்படிகம்

முடிச்சு உண்மை. ஆனால் அதிலிருந்து "பயனில்லை" என்ற முடிவுக்குத் தாவுவதை ஏற்கவில்லை. உறை நிரந்தரமானதல்ல. அழுத்தமும் வெப்பமும் கூடும் இடத்தில் சிதறலி விலகும், துகள் நசுங்கி உரிந்தால் வெளிவருவது உறையில்லாத புதிய அடுக்கு. கேம் மூக்கில் 1 ஜிகாபாஸ்கல் அழுத்தம் இருக்கிறது, ரிங்குக்கும் லைனருக்கும் இடையில் அவ்வளவு இல்லை. அதனால் ரிங்கில் பலன் கிடைக்காத அதே ஆயிலில் கேமில் பலன் கிடைக்கலாம்.

சிதறலி குறைவாக உள்ள இடங்களில், அதாவது கியர் ஆயில், கிரீஸ், சங்கிலி மசகு ஆகியவற்றில், இந்தத் துகள்களின் மதிப்பு பற்றிச் சந்தேகமே இல்லை. கிரீஸில் படிவது என்ற பிரச்சினையும் கிடையாது, சோப்பு இழைகள் பிடித்து வைத்துக்கொள்ளும்.

#10 உராய்வியல்

கிரீஸ், கியர் பற்றி முழு உடன்பாடு. கேமில் "கிடைக்கலாம்" என்பதைத் தாண்டி என்னால் போக முடியாது. ஏனென்றால் அங்கே ஏற்கெனவே ஜிங்க் டைதயோபாஸ்ஃபேட் 50 முதல் 150 நானோமீட்டர் தடிமனுள்ள பாஸ்ஃபேட் படலம் போட்டு வைத்திருக்கிறது. துகள் அந்தப் படலத்தோடு சேர்ந்து வேலை செய்தால் நல்லது, அதைக் கீறி எடுத்தால் தேய்மானம் கூடும். எது நடக்கும் என்பது துகளின் அளவையும் கடினத்தையும் பொறுத்தது. புகைக்கரி இந்தப் படலத்தைக் கீறித்தான் டீசல் இன்ஜின் கேம்களைத் தேய்க்கிறது.

#11 நான்குபந்து

சோதனை பற்றி யாரும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன். இந்தத் தூள் விற்கும் தாள்களில் முக்கால்வாசி நான்கு பந்துச் சோதனை முடிவுதான் இருக்கும். ஏஎஸ்டிஎம் டி4172: 12.7 மில்லிமீட்டர் எஃகுப் பந்து நான்கு, 392 நியூட்டன் சுமை, நிமிடத்துக்கு 1200 சுற்று, 75 டிகிரி, 60 நிமிடம். முடிவில் தேய்ந்த வட்டத்தின் விட்டம். தொடங்கும்போது அந்தப் புள்ளித் தொடர்பின் உச்ச அழுத்தம் 3.4 ஜிகாபாஸ்கல். கேமில் இருப்பதைவிட மூன்று முதல் ஏழு மடங்கு. வேகம் மாறுவதில்லை, திசை மாறுவதில்லை, புகைக்கரி இல்லை, எரிபொருள் கலப்பு இல்லை, ஒரு மணி நேரத்தில் ஆயில் கெடுவதுமில்லை. துகள் நசுங்கி உரிய இதைவிட வசதியான இடம் கிடையாது. இன்ஜினில் அந்த வசதி இல்லை.

சுழலும் வளையத்தின் மேல் உருளையை நெம்புகோலால் அழுத்திக் காட்டும் மேசைச் செய்முறை இன்னும் மோசம். குளோரின் ஏற்றிய பாரஃபின் அதில் எல்லாவற்றையும் வென்றுவிடும். அதை இன்ஜினில் விட்டால் ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிப் பேரிங்கை அரிக்கும்.

வால்வு இயக்கத் தேய்மானத்துக்குக் கேட்க வேண்டியது சீக்வன்ஸ் ஐவிபி என்ற இன்ஜின் சோதனை: 1.5 லிட்டர் டொயோட்டா 2என்ஆர்-எஃப்இ இன்ஜின், 200 மணி நேரம். அந்த முடிவைக் காட்டுபவரோடு உட்கார்ந்து பேசலாம்.

#12 சாம்பல்வடி

எக்ஸாஸ்ட் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். உலோகம் சேர்த்தால் சாம்பல் கூடும். ஏசிஇஏ (ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கம்) சி3 தர ஆயிலுக்குச் சல்ஃபேட் சாம்பல் உச்சவரம்பு 0.8 சதவீதம். 0.5 சதவீதம் மாலிப்டினம் டைசல்ஃபைடு போட்டால் அது எரிந்து மாலிப்டினம் ட்ரையாக்சைடாகும்போது எடையில் பத்தில் ஒன்பது பங்கு மிஞ்சும். அதாவது 0.45 சதவீதம் கூடுதல். ஏஎஸ்டிஎம் டி874 சாம்பல் சோதனையில் இது முழுதாகத் தெரியாது, அந்த வெப்பத்தில் மாலிப்டினம் ஆக்சைடில் ஒரு பங்கு ஆவியாகிப் போகும். சோதனையில் வரம்புக்குள் வந்தது என்பதை வைத்துத் தப்பினோம் என்று நினைக்கக் கூடாது.

0.1 சதவீதம் என்றால் இது பெரிய விஷயமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டீசல் துகள் வடிகட்டி உள்ள இன்ஜினில் 0.5 போடுவதைத்தான் தடுக்கிறேன்.

கேட்டலிஸ்டைக் கெடுப்பது முக்கியமாக ஜிங்க் டைதயோபாஸ்ஃபேட்டிலிருந்து வரும் பாஸ்பரஸ். அதனால்தான் ஐஎல்சாக் ஜிஎஃப்-6 என்ற தரத்தின் ஆயிலில் பாஸ்பரஸ் 0.06 முதல் 0.08 சதவீதத்துக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. அந்த வரம்பு 0டபிள்யூ, 5டபிள்யூ, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய தரங்களுக்கு. தட்டை டேப்பெட்காரர்கள் கூடுதல் பாஸ்பரஸ் தேடுவதும் இந்தக் குறைப்புக்குப் பிறகுதான்.

#13 ஆயில்லேப்

ஆயில் மாதிரி அனுப்பித் தேய்மானம் பார்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தூளைத் தொடுங்கள். பிளாஸ்மா நிறமாலை அறிக்கை தனிமங்களைத்தான் சொல்லும், எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. சிலிகா நானோ துகள் போட்டால் சிலிக்கான் ஏறும், ஏர் ஃபில்டர் ஒழுகுகிறது என்று அறிக்கை வரும். காப்பர் நானோ போட்டால் பேரிங் போய்விட்டதாகக் காட்டும். உண்மையிலேயே பேரிங் போகும்போது அது இந்த இரைச்சலுக்குள் மறைந்துவிடும், ஆபத்து அங்கேதான். போரான் நைட்ரைடு போட்டால் போரான் ஏறும், ஆனால் பல ஆயில்களின் சிதறலியிலேயே போரான் இருப்பதால் எவ்வளவு எது என்று பிரிக்க முடியாது. டங்ஸ்டனைப் பெரும்பாலான வழக்கமான அறிக்கைகளில் அளப்பதே இல்லை, கேட்டுச் சேர்க்க வேண்டும்.

அதே கருவி சுமார் 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளைச் சரியாக எரிக்காது. ஆக டங்ஸ்டன் எண் மாதத்துக்கு மாதம் குறைந்தால் அது தீர்ந்துபோனதாக அர்த்தமில்லை. திரண்டு படிந்திருக்கலாம், திரண்டு கருவியின் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். மாதிரி எடுப்பதற்கு முன் இன்ஜினைச் சூடாக ஓட்டி, நிறுத்திய உடனே எடுங்கள். குப்பியைப் பரிசோதனைக்கு முன் குலுக்கச் சொல்லி மேலேயே எழுதுங்கள்.

கூடவே செப்புப் பட்டை அரிப்பு, ஏஎஸ்டிஎம் டி130, கேளுங்கள். சல்ஃபைடு தூள் ஆக்ஸிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்தால் கந்தக அமிலம் வரும். குறைந்த தூரம் ஓடி, சூடாகாமலேயே நிற்கும் இன்ஜினில் சம்பில் தண்ணீர் சேரும், அங்கே இது வேகமாக நடக்கும். அறிக்கையில் கார இருப்பு வழக்கத்தைவிட விரைவாக விழுந்தால் காரணத்தை இங்கே தேடுங்கள்.

#14 கேம்லோப்

இரு சக்கர வண்டியில் கிளட்ச் அதே ஆயிலில் மூழ்கியிருக்கிறதே, அதில் போடலாமா?

#15 உராய்வியல்

போடக் கூடாது. ஜாசோ எம்ஏ, எம்ஏ2 என்ற ஜப்பானிய இரு சக்கர வண்டி ஆயில் தரங்களே கிளட்ச் தட்டு வழுக்காமல் இருக்கக் குறைந்தபட்ச உராய்வு வேண்டும் என்று கேட்பவை. தட்டின் நுண்துளைகளில் அடுக்குத் துகள் புகுந்துவிட்டால் ஆயிலை மாற்றினாலும் வெளியே வராது.

சுழல்தண்டு சார், உங்கள் கேள்விக்கு நேர் பதில் கடனாக நிற்கிறது. ஆயிலுக்குள் நானோ திட மசகு வேண்டுமென்றால் தூளைவிட நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது: மாலிப்டினம் டைதயோகார்பமேட், மோடிடிசி. இது ஆயிலில் முழுதாகக் கரைகிறது. படிவதற்குத் துகளே இல்லை, ஃபில்டர் கேள்வியும் இல்லை. தொடர்பில் உராயும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உடைந்து அங்கேயே ஓரிரு அடுக்கு மட்டும் தடிமனுள்ள மாலிப்டினம் டைசல்ஃபைடு தாள்களாகிறது. 1990-களின் இறுதியில் மின்னணு நுண்ணோக்கியில் இதை நேரில் பார்த்துவிட்டார்கள். தூளை வெளியே செய்து உள்ளே கொண்டுபோகும் முழுத் தொல்லையும் இதில் இல்லை, தேவைப்படும் இடத்தில் மட்டும் அது பிறக்கிறது.

உராய்வுக் கெழு எல்லை மசகில் 0.1-ஐ ஒட்டி இருப்பது 0.04 முதல் 0.08 வரை இறங்கும். ஆயிலில் மாலிப்டினம் 500 முதல் 700 பிபிஎம் இருந்தால் நல்ல அளவு. ஜிங்க் டைதயோபாஸ்ஃபேட் கூட இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். குறைகளும் உண்டு. ஆயில் சூடாகும் வரை பெரிதாகச் செய்யாது. ஆக்ஸிஜனேற்றத்தில் தீர்ந்துபோகும், மாற்றும் காலத்தின் கடைசிப் பகுதியில் உராய்வு திரும்ப ஏறும். ஹைட்ரஜன் கலந்த டிஎல்சி (வைரம் போன்ற) கார்பன் பூச்சு போட்ட டேப்பெட் என்றால் அந்தப் பூச்சையே வேகமாகத் தேய்க்கும், அங்கே வேண்டாம். உங்களுடையது வார்ப்பிரும்பும் எஃகும், கவலையில்லை.

தரவுத் தாளில் பாஸ்பரஸ் 0.10 சதவீதத்தை ஒட்டியும் மாலிப்டினம் 500 பிபிஎம்முக்கு மேலும் உள்ள 10டபிள்யூ-40 ஆயிலைத் தேடுங்கள். பாட்டிலைத் திறந்து எதையும் சேர்க்காதீர்கள். கேட்டலிஸ்ட் பற்றி சாம்பல்வடி சொன்னது நினைவிருக்கட்டும், இன்ஜின் ஆயிலைக் குடிக்காத நிலையில் இருந்தால் இந்தப் பாஸ்பரஸ் அளவு தாங்கும்.

#16 பூச்சுப்பட்டறை

ஆயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். திட மசகு இன்ஜினில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வெற்றி பெற்ற இடம் பிஸ்டன் ஸ்கர்ட் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) பூச்சு. பாலிஅமைடு-இமைடு ரெசினில் மாலிப்டினம் டைசல்ஃபைடும் கிராஃபைட்டும் கலந்து 10 முதல் 20 மைக்ரான் தடிமன். துகள் எங்கும் போவதில்லை, யாரோடும் போட்டியில்லை, ரெசின் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்டார்ட்-ஸ்டாப் இன்ஜின்களின் பேரிங் ஷெல்களிலும் இப்போது இதே வகைப் பூச்சு வருகிறது. ஒரு நாளில் பலமுறை நின்று கிளம்பும்போது ஆயில் படலம் இல்லாத நொடிகள் அத்தனை முறை வருகின்றன.

ஸ்கர்ட்டில் பூசும்போது பூச்சு உரிவதற்குக் காரணம் பத்தில் ஒன்பது முறை அடியில் இருக்கும் எண்ணெய். கரைப்பானில் கழுவி, பிஸ்டனை 150 டிகிரியில் அரை மணி சூடாக்கினால் துளைகளில் இருக்கும் எண்ணெய் வெளியே வியர்க்கும். திரும்பக் கழுவுங்கள். ரிங் பள்ளம், பின் துளை இரண்டையும் மூடிவிட்டு மெல்லிய அலுமினா மணலால் ஊதுங்கள். ஊதிய பரப்பை வெறும் விரலால் தொடக் கூடாது. பிஸ்டனை 60 டிகிரிக்கு மிதமாகச் சூடாக்கி, குப்பியை நன்றாகக் குலுக்கி, மெல்லிய இரண்டு அடுக்காகத் தெளியுங்கள். ஒரே தடித்த அடுக்காகத் தெளித்தால் கரைப்பான் உள்ளே சிக்கிக் கொப்புளம் வரும். வேகவைக்கும் வெப்பமும் நேரமும் அந்தந்தப் பூச்சின் தாளில் உள்ளபடி, பெரும்பாலும் 200 டிகிரிக்கு மேல். தாளில் சொன்னதைவிட அதிக நேரம் விட்டால் அலுமினிய உலோகக்கலவை பதம் இழந்து மிருதுவாகும்.

இடைவெளியைக் கணக்கிடும்போது பூச்சை உலோகம்போல் எண்ணாதீர்கள். பூசுவதற்கு முன் அளந்த எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். ஓடத் தொடங்கியதும் பூச்சின் மேல்பகுதி கொஞ்சம் தேய்ந்து சிலிண்டருக்கேற்ப அமைந்துகொள்ளும்.

#17 சுழல்தண்டு

தூள் யோசனையைக் கைவிடுகிறேன். மோடிடிசி உள்ள ஆயில், பாஸ்பரஸ் 0.10. கேமும் டேப்பெட்டும் புதிதாகவே போடப்போகிறேன். முதல் ஓட்டத்துக்கு எதையாவது தடவ வேண்டுமா?

#18 கேம்லோப்

தடவியே ஆக வேண்டும், திட மசகுக்கு உங்கள் இன்ஜினில் சரியான வேளை அதுதான். மாலிப்டினம் டைசல்ஃபைடு பேஸ்ட்டை லோப் முழுவதும், டேப்பெட் முகத்திலும் மெல்லிசாகத் தேய்த்து ஏற்றுங்கள். இதில் நானோ தேவையில்லை, சில மைக்ரான் செதில்களே நன்றாக ஒட்டும். டேப்பெட்டின் பக்கச்சுவரில் பேஸ்ட் வேண்டாம், அங்கே இன்ஜின் ஆயில் மட்டும். டேப்பெட் துளைக்குள் தாராளமாகச் சுழல வேண்டும். டேப்பெட் முகம் லேசாகக் குவிந்தும் லோப் ஒருபக்கம் லேசாகச் சரிந்தும் இருப்பது டேப்பெட்டைச் சுழற்றத்தான். கையால் கேமைத் திருப்பி ஒவ்வொரு டேப்பெட்டும் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலாத ஒன்று இருந்தால் அந்த லோப் முதல் மணி நேரத்திலேயே போய்விடும், ஆயில் அதைக் காப்பாற்றாது.

பேஸ்ட்டை ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ படவிடாதீர்கள். ரிங் உட்கார அங்கே கொஞ்சம் தேய்மானம் வேண்டும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் பம்பைத் தனியாகச் சுழற்றிப் பிரஷர் ஏற்றிக்கொள்ளுங்கள். பற்றிக்கொண்டதும் ஐடிலில் விடாமல் நேராக 2000 சுற்றுக்குக் கொண்டுபோய், 1500-க்கும் 2500-க்கும் இடையில் ஏற்றி இறக்கி 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். ஐடிலில் லோப்புக்குத் தெறிக்கும் ஆயில் போதாது. இரட்டை ஸ்பிரிங் இருந்தால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு இதைச் செய்யலாம். முடிந்ததும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள், பேஸ்ட் பெரும்பகுதி அதற்குள் ஃபில்டரில் போய்ச் சேர்ந்திருக்கும். மோடிடிசி ஆயிலை அதற்குப் பிறகு ஊற்றுங்கள்.